கான்சிலுக்கு எந்த மோட்டார்?

பெரோடுவா கான்சில் 1994-ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் அறிமுகமானது. 660 சி.சி. கொள்ளளவும் ஏறத்தாழ 31 குதிரைத்திறனும் கொண்ட மூன்று உருளை இயந்திரம், குறைந்த எடை, குறுகிய இடத்திலும் நிறுத்தக்கூடிய சிறிய உருவம். 2009-ஆம் ஆண்டுவரை தயாரிக்கப்பட்ட இம்மகிழுந்து, எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களின் முதல் சொந்த வாகனம். இன்றும் குடியிருப்புப் பகுதிகளில் கான்சில்களைப் பார்க்கலாம். சிலவற்றின் உடல் உறுதியாக இருக்கும். இயந்திரம்தான் புகை கக்கிக்கொண்டு ஓய்வு கேட்கும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் அப்படியொரு கான்சிலை வைத்திருக்கும் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை தொழிற்சாலையில் மின்பணியாளர். மகள் படிவம் நான்கில் இயற்பியல் பயில்கிறாள். பழைய இயந்திரத்தையும் பெட்ரோல் கலனையும் புகைக்குழாயையும் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மின்மோட்டாரையும் மின்கலங்களையும் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுகிறது. இது வெறும் கனவன்று. உலகின் பல நாடுகளில் வீட்டுக் கொட்டகையிலேயே பலர் இதைச் செய்து முடித்திருக்கின்றனர். ஆனால், தொடங்கிய அனைவரும் வெற்றி பெறவில்லை. தோல்விக்கான காரணங்களுள் ஒன்று, பொருத்தமற்ற மோட்டாரை வாங்கியதுதான். குடும்பச் சேமிப்பில் பல ஆயிரம் ரிங்கிட்டை விழுங்கிய பிறகு, மேட்டில் ஏற மறுக்கும் வாகனம் வாசலில் நிற்பது சிறிய இழப்பாகாது.

மோட்டார் விற்பவர்களின் விளம்பரங்களில் பெரிய எண்கள் கண்ணைப் பறிக்கும். ஒன்று 30 கிலோவாட் என்னும். மற்றொன்று 60 என்னும். பார்ப்பவர் மனம் இயல்பாகவே பெரிய எண்ணின் பக்கம் சாயும். அந்த எண்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் சாலையிடம் கேட்க வேண்டும். இந்த வண்டி ஓடப்போகும் சாலை எவ்வளவு திறனைக் கேட்கிறது?

இதனைக் கணக்கிடப் பள்ளி இயற்பியலே போதும். ஓடும் மகிழுந்தை மூன்று தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன. சக்கரங்கள் சாலையில் உருள்வதால் ஏற்படும் உராய்வு ஒன்று. எதிரே வரும் காற்று மற்றொன்று. மேட்டில் ஏறும்போது மட்டும் மூன்றாவதாகப் புவியீர்ப்பு விசையும் சேர்ந்துகொள்ளும். மின்கலங்களுடனும் மூன்று பயணிகளுடனும் நம் கான்சிலின் நிறை 1,000 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்லும்போது, உருளும் உராய்வு ஏறக்குறைய 120 நியூட்டன். காற்றுத் தடை ஏறக்குறைய 190 நியூட்டன். இரண்டையும் கூட்டி, வினாடிக்கு 22.2 மீட்டர் என்னும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது 7 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான்! பலருக்கு இந்த எண் வியப்பளிக்கும். மழைக்குளியலுக்கு நீரைச் சூடாக்கும் இரண்டு மின்சாதனங்கள் இழுக்கும் திறனைக் கொண்டே ஒரு மகிழுந்தை நெடுஞ்சாலையில் ஓட்டிவிடலாம்.

வேகம் கூடும்போது கதை மாறுகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 110 கிலோமீட்டரில் தேவைப்படும் திறன் 15 கிலோவாட்டை எட்டிவிடும். மேடு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே ஏறக்குறைய 16 கிலோவாட் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகக் கெந்திங் செம்பாவை நோக்கிச் சென்றவர்களுக்குத் தெரியும், மேடு என்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் பாலத்தின் ஏற்றம் மட்டுமன்று. அது பல கிலோமீட்டர் தொடரலாம்.

இங்கேதான் மோட்டாரைத் தெரிவு செய்வதன் முதன்மையான நுணுக்கம் வெளிப்படுகிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு திறன்கள் உண்டு. மணிக்கணக்கில் ஓடினாலும் கெடாமல் தரக்கூடியது தொடர்திறன். சில வினாடிகளோ ஓரிரு நிமிடங்களோ மட்டும் தரக்கூடியது உச்சத்திறன். உச்சத்திறன் தொடர்திறனைப்போல் இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கும். நூறு மீட்டர் ஓட்டக்காரர் ஓடும் வேகத்தில் நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயத்தை முடிக்க இயலாது அல்லவா? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்சத்திறனே. தொடர்திறன் அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். சில வேளைகளில் இருக்கவே இருக்காது. அது எழுதப்படாத மோட்டாரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவதே நல்லது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளியை உருவாக்குவது வெப்பம். 90 விழுக்காடு செயல்திறன் கொண்ட மோட்டார் 16 கிலோவாட் திறனை வெளியிடும்போது, ஏறக்குறைய 1.8 கிலோவாட் வெப்பமாக வீணாகிறது. சமையலறையில் நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி ஒன்று மோட்டாருக்குள் இடைவிடாமல் கொதித்துக்கொண்டிருப்பதற்கு இது சமம். செயல்திறன் 80 விழுக்காடாகக் குறைந்தால் கெண்டிகள் இரண்டாகிவிடும். மோட்டாரின் செப்புக் கம்பிகளைச் சுற்றியுள்ள மின்காப்புப் பூச்சு தாங்கும் வெப்பத்துக்கு எல்லை உண்டு. ‘எஃப்’ வகைக் காப்பு 155 பாகை செல்சியஸ் வரையிலும், ‘எச்’ வகைக் காப்பு 180 பாகை வரையிலும் தாங்கும். எல்லையைத் தாண்டி வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் நடைமுறையில் கைக்கொள்ளும் கணக்கு.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேட்டை நம்பி வாங்குவோர் நம் நாட்டின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சுங்கை பெசி நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பழைய வகை மோட்டார்கள் சிலவற்றில் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வண்டி விரைந்தால் விசிறியும் விரையும். வண்டி ஊர்ந்தால் விசிறியும் ஊரும். நெரிசலிலும் மேட்டிலும் மோட்டாருக்குக் காற்று அதிகம் தேவைப்படும் வேளையில்தான் அது கிடைக்காமல் போகிறது! தனியே இயங்கும் ஊதுவிசிறி கொண்ட மோட்டாரோ, நீரால் குளிர்விக்கப்படும் மோட்டாரோதான் இங்குப் பொருந்தும்.

ஆக, நம் கான்சிலுக்கு வேண்டியது என்ன? கியர் பெட்டியிலும் சக்கரங்களிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், 15 முதல் 18 கிலோவாட் தொடர்திறன் போதும். சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்ததும் பின்னால் நிற்பவர் ஒலியெழுப்பாத வகையில் புறப்படவும், நெடுஞ்சாலையில் நுழையவும் 35 கிலோவாட் அளவிலான உச்சத்திறன் உதவும். பழைய பெட்ரோல் இயந்திரத்தின் 31 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 23 கிலோவாட். அதுவும் இயந்திரம் மிக வேகமாகச் சுழலும்போது மட்டுமே கிடைத்தது. மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரவல்லது. அதனால், காகிதத்தில் சிறியதாகத் தோன்றும் மோட்டார் சாலையில் பெரியதாக நடந்துகொள்ளும். 60 கிலோவாட் மோட்டாரை இந்தச் சிறிய வண்டியில் பொருத்தினால் கியர் பெட்டியின் பற்களும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பது தனிக் கேள்வி.

அளவு தெரிந்துவிட்டது, இனி வகை. வீட்டில் வாகனத்தை மாற்றியமைப்போர் முன்பு அதிகம் நாடியது நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கும் தொடர்ச்சுற்று மோட்டாரை. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் சரக்குகளைத் தூக்கி அடுக்கும் பளுதூக்கி வண்டிகளைப் பார்த்திருப்போம். அத்தகைய பழைய மின்பளுதூக்கிகளில் இவ்வகை மோட்டார்கள் இருந்தன. வண்டி பழசாகிக் கழித்துக்கட்டப்பட்டாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும், விலையும் மலிவு. புறப்படும்போது இது தரும் முறுக்கு விசை வலிமையானது. கட்டுப்பாட்டுக் கருவியும் எளிமையானது.

ஆனால், இதன் குணத்தை அறியாமல் தொடுவது ஆபத்து. சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துகொண்டே வரும். அவற்றின் துகள்கள் உள்ளே படியும். பிரேக்கை மிதிக்கும்போது வீணாகும் ஆற்றலை மீண்டும் மின்கலத்துக்கு அனுப்புவது இதில் எளிதன்று. எல்லாவற்றையும்விட, சுமை எதுவும் இல்லாமல் முழு மின்னழுத்தம் கொடுத்தால் இம்மோட்டாரின் வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. சுழற்சி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் உள்ளே சுற்றப்பட்ட கம்பிகள் பிய்த்துக்கொண்டு சிதறும். கியர் பெட்டியுடன் இணைக்காமல், வேலை செய்கிறதா பார்ப்போமே எனப் பட்டறை மேசையில் வைத்துச் சோதிப்போருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியின் மின்னணுச் சாவிகள் எரிந்து ஒட்டிக்கொண்டால் மின்சாரம் முழுவதும் மோட்டாருக்குப் பாய்ந்து, ஓட்டுநர் விசைமிதியிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி நிற்காது. எனவே, மின்கலத்தின் தொடர்பை உடனே துண்டிக்கும் அவசரச் சாவி ஓட்டுநரின் கைக்கெட்டும் தொலைவில் கட்டாயம் இருக்க வேண்டும். வேறு வகை மோட்டார்களுக்கும் அது தேவைதான். இதற்கு அது உயிர்காப்பு.

அடுத்தது, மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் தூண்டல் மோட்டார். இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளப் பிரிக்பீல்ட்ஸ் மாணவர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள கே.எல். சென்ட்ரலைக் கடந்து செல்லும் கிளானா ஜெயா தடத்தின் இலகு இரயில், 1998-ஆம் ஆண்டு முதல் தூண்டல் மோட்டாரால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே தட்டையான உலோகப் பட்டை ஒன்று நீண்டு கிடக்கும். இரயில் பெட்டியின் அடியில் கம்பிச்சுருள்கள் உள்ளன. அவற்றில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் நகர்ந்துகொண்டே செல்லும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் அசையாமல் கிடக்கும் பட்டையில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உருவாக்குகிறது. இவ்விரு புலங்களின் இழுபறியில் இரயில் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. வட்டமான தூண்டல் மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி, பாயைப்போல் விரித்துப் போட்டால் எப்படியிருக்கும்? அதுதான் கிளானா ஜெயா தடம்.

மகிழுந்தில் பயன்படும் தூண்டல் மோட்டார் விரிக்கப்படாமல் உருளையாகவே இருக்கும். சுழலும் பகுதிக்கு மின்கம்பி எதுவும் செல்வதில்லை. கார்பன் பிரஷ் இல்லை. காந்தக் கட்டியும் இல்லை. தேயக்கூடியவை தாங்கு உருளைகள் மட்டுமே. நிக்கோலா தெஸ்லா இவ்வகை மோட்டாருக்கான காப்புரிமைகளை 1888-இல் பெற்றார். அவருடைய பெயரைத் தாங்கிய அமெரிக்க நிறுவனம் 2008-இல் வெளியிட்ட முதல் மின்மகிழுந்து தூண்டல் மோட்டாரால்தான் ஓடியது.

மின்கலம் தருவது நேர்திசை மின்னோட்டம். இந்த மோட்டார் கேட்பதோ மாறுதிசை மின்னோட்டம். இடையில் நின்று மாற்றித் தருவது இன்வர்ட்டர். ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தைக் கடந்து செல்லும் புத்ராஜெயா தடத்தின் எம்.ஆர்.டி. இரயிலிலும் இவ்வேலை நடக்கிறது. தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் மூன்றாவது தண்டவாளம் அந்த இரயிலுக்கு 750 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தை வழங்குகிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மாறுதிசை மின்னோட்டத்தின் அலைவெண்ணைக் கூட்ட வேண்டும். மின்சார இரயில் நிலையத்தைவிட்டுப் புறப்படும்போது அடியிலிருந்து ரீங்காரம் ஒன்று படிப்படியாக உயர்வதைக் கேட்டிருக்கிறீர்களா? அது இன்வர்ட்டரும் மோட்டாரும் சேர்ந்து எழுப்பும் ஒலி. இன்வர்ட்டர் பழுதடைந்தால் மோட்டார் பெரும்பாலும் ஓடாமல் நின்றுவிடும், கட்டுக்கடங்காமல் பாயாது. வீட்டில் முதன்முறையாக இம்முயற்சியில் இறங்குவோருக்கு இது பெரிய ஆறுதல்.

நேர்திசையா, மாறுதிசையா என்னும் கேள்வியை ஒரு நிறுவனமே எதிர்கொண்ட வரலாறு இந்தியாவின் பெங்களூரில் உண்டு. அங்கு உருவான ரேவா என்னும் சிறிய மின்மகிழுந்து 2001-இல் விற்பனைக்கு வந்தது. 48 வோல்ட் ஈய அமில மின்கலத் தொகுப்பும் நேர்திசை மோட்டாரும் அதில் இருந்தன. மோட்டாரின் தொடர்திறன் 4.8 கிலோவாட், உச்சத்திறன் 13 கிலோவாட். இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்! நகருக்குள் மெதுவாகச் சென்றுவர அது போதுமானதாக இருந்தது. வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘ரேவா ஐ’ தூண்டல் மோட்டாருக்கு மாறியது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டராக உயர்ந்தது. இலண்டன் மாநகரச் சாலைகளிலும் இவ்வண்டிகள் ஓடின. கான்சிலை மாற்ற நினைப்பவர், அதற்கு நெருங்கிய உருவமுடைய ரேவாவின் இந்த மாற்றத்தை ஒரு பாடமாகவே படிக்கலாம்.

மூன்றாவது வகை, நிலைக்காந்த மோட்டார். இன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் மின்மகிழுந்துகளுள் பெரும்பாலானவை இதைத்தான் பயன்படுத்துகின்றன. 2010-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃபின் 80 கிலோவாட் மோட்டார் இவ்வகையே. 2024 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோனின் முதல் மின்மகிழுந்தான ‘இ.மாஸ் 7’ கொண்டுள்ள 160 கிலோவாட் மோட்டாரும் இவ்வகையே. தூண்டல் மோட்டாரில் தொடங்கிய தெஸ்லா நிறுவனமும் 2017-இல் வெளியிட்ட ‘மாடல் 3’ வண்டியில் நிலைக்காந்தத்துக்கு மாறியது. சுழலும் பகுதியில் காந்தக் கட்டிகள் இருப்பதால் அங்கே மின்னோட்டத்தைத் தூண்டும் தேவையில்லை. அதனால் இழப்பு குறைவு. அதே திறனுக்கு மோட்டாரின் உருவமும் சிறியது. ஒரே மின்னேற்றத்தில் சில கிலோமீட்டர் கூடுதலாகச் செல்லலாம்.

காந்தத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது தன் காந்தத் தன்மையை இழக்கும். சாதாரண நியோடிமியக் காந்தம் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். உயர் வெப்பத்தைத் தாங்கும் தரமான காந்தங்கள் விலை மிக்கவை. மலிவு விலை மோட்டாருக்குள் எந்தக் காந்தம் ஒளிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. மற்றொன்று, மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் சக்கரம் சுழலும்வரை இம்மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும்போதுகூட அதன் கம்பிகளில் மின்சாரம் இருக்கலாம்.

இக்காந்தங்களின் மூலப்பொருளான அருமண் தனிமங்கள் மலேசியர்களுக்குப் புதியவை அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் வெட்டியெடுக்கப்படும் தாதுவிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் லைனாஸ் ஆலை குவாந்தான் அருகே கெபெங்கில் 2012 முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன்பே, 1980-களில், பேராக்கின் புக்கிட் மேராவில் ஈயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து அருமண் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து வெளிப்பட்ட கதிரியக்கத் தோரியக் கழிவை எதிர்த்து அவ்வூர் மக்கள் நீதிமன்றம்வரை சென்று போராடினர். 1994-இல் ஆலை மூடப்பட்டது. புகையற்ற வாகனத்தின் உள்ளே இருக்கும் காந்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தி மைன்ஸ் ஏரி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்தது என்பதை அறிந்த ஸ்ரீ கெம்பாங்கான் மக்களுக்கு, மண்ணைத் தோண்டுவதன் விலை என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விபத்தில் சிக்கிய மின்மகிழுந்திலிருந்து கழற்றப்பட்ட மோட்டாரை வாங்கலாமா? தரத்துக்கு அதை மிஞ்ச முடியாது. விலையும் புதியதைவிடக் குறைவு. ஆனால், தொழிற்சாலை மோட்டாரின் இன்வர்ட்டர் தன் பழைய வண்டியின் கணினியிடமிருந்து குறிப்பிட்ட கட்டளைகள் வந்தால்தான் வேலை செய்யும். அந்த உரையாடலைப் போலியாக நடத்திக்காட்டும் மின்னணுப் பலகையும் நிரலும் தேவைப்படும். நிரலாக்கத்தில் கைதேர்ந்தவருக்கு இது சுவையான சவால். மற்றவருக்குக் கொட்டகையில் தூசு படியும் இரும்பு.

மோட்டாரைத் தனியாகத் தெரிவு செய்ய முடியாது என்பதையும் கூற வேண்டும். அதன் இரு பக்கமும் உறவுகள் உள்ளன. ஒரு பக்கம் மின்கலம். 16 கிலோவாட் திறனை 48 வோல்ட் மின்னழுத்தத்தில் பெற வேண்டுமானால் 333 ஆம்பியர் பாய வேண்டும். மின்னழுத்தத்தை இரட்டித்து 96 வோல்ட் ஆக்கினால் 167 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே, மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பம் கால் பங்காகக் குறைகிறது. அப்படியானால் 300 வோல்ட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். 60 வோல்ட்டைக் கடந்த நேர்திசை மின்சாரம் வாகனங்களுக்கான அனைத்துலகப் பாதுகாப்பு விதிகளின்படி உயர் மின்னழுத்தம். அது உடலில் பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடும். 96 வோல்ட்டுக்கே மின்காப்புக் கையுறை, காப்பிட்ட கருவிகள், உருகி, தொடர்பைத் துண்டிக்கும் சாவி ஆகிய அனைத்தும் வேண்டும். தந்தை மின்பணியாளராக இருப்பதால்தான் நம் கற்பனைக் குடும்பம் இதில் இறங்கவே துணிந்தது. மின்பணியில் பயிற்சியில்லாத எவரும், மாணவர்களும் உட்பட, இவ்வேலையைத் தனியாகத் தொடவே கூடாது.

மின்கலம் எவ்வளவு விரைவாக ஆற்றலை வெளியிடும் என்பதும் முக்கியம். 10 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள தொகுப்பிலிருந்து 35 கிலோவாட் திறனை இழுப்பது, ஒரு குடம் நீரைப் பதினேழு நிமிடத்தில் கவிழ்ப்பது போன்றது. எல்லா மின்கலங்களும் அந்த வேகத்தைத் தாங்குவதில்லை. மின்கலம் 20 கிலோவாட்டுக்கு மேல் தராது என்றால், 35 கிலோவாட் மோட்டாருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண். அதே தொகுப்பில் 8 கிலோவாட் மணியைப் பயன்படுத்தினால், மிதமான வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடலாம். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சென்று திரும்ப 40 கிலோமீட்டர் அளவுதான், கவலையில்லை. கிள்ளானிலுள்ள பாட்டி வீட்டுக்குச் சென்றால், அங்கேயே மின்னேற்றிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

மறுபக்கத்து உறவு கியர் பெட்டி. பழைய கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வது வீட்டு முயற்சிக்கு உகந்தது. மேட்டில் இரண்டாம் கியரைப் போட்டால் மோட்டார் வேகமாகச் சுழன்று குறைந்த மின்னோட்டத்திலேயே ஏறிவிடும், வெப்பமும் குறையும். மோட்டாரையும் கியர் பெட்டியையும் இணைக்கத் தடித்த அலுமினியத் தகடும் இணைப்புத் துண்டும் கடைசல் பட்டறையில் செய்யப்பட வேண்டும். இரு தண்டுகளின் மையங்களும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். முடியளவு விலகினாலும் அதிர்வு ஏற்பட்டுத் தாங்கு உருளைகள் சில மாதங்களில் தேய்ந்துவிடும். பாலாக்கோங், செர்டாங் வட்டாரத்துப் பட்டறைக்காரரிடம் மோட்டாரின் வரைபடத்தை முன்கூட்டியே காட்டிப் பேசிவிடுவது நல்லது. வரைபடமே இல்லாத மோட்டாரை வாங்கினால் அவரும் கையை விரித்துவிடுவார்.

இத்தனையையும் அலசிப் பார்த்தால், நம் குடும்பத்துக்குப் பொருந்துவது 96 வோல்ட் அளவில் இயங்கும், தனி ஊதுவிசிறியோ நீர்க்குளிர்விப்போ உடைய, 15 கிலோவாட்டுக்குக் குறையாத தொடர்திறன் கொண்ட தூண்டல் மோட்டார். நிலைக்காந்த மோட்டார் தரும் கூடுதல் தொலைவை அவர்கள் இழக்கிறார்கள். பழைய பளுதூக்கி மோட்டாரைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். ஆனால், மேட்டில் சூடேறினால் காந்தம் அழியுமே என்ற அச்சமும், வண்டி தானாகப் பாயுமே என்ற அச்சமும் இல்லை. அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்துக்கும் வேலையிடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு வேறு விடை பொருந்தலாம். கேமரன் மலையில் வாழ்பவரின் விடையும் வேறாகத்தான் இருக்கும்.

பணத்தைக் கட்டுவதற்கு முன் செல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாகனத்தின் இயந்திரத்தை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதலின்றி மாற்றப்பட்ட வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். காப்புறுதியும் செல்லாமல் போகக்கூடும். பெட்ரோல் வண்டிக்கு சி.சி. அளவைக் கொண்டு சாலை வரி கணக்கிடப்படுவதுபோல், மின்வண்டிக்கு மோட்டாரின் கிலோவாட் அளவே அடிப்படை. தேவைக்கு மீறிய மோட்டார் அங்கேயும் தன் செலவைக் காட்டும். மோட்டாரின் தகவல் அட்டை, மின்சுற்று வரைபடம், மின்கலத்தின் எடை ஆகிய ஆவணங்களை முதலிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவரும் பொறுப்பைத் தந்தை மகளிடம் ஒப்படைக்கிறார்.

வண்டி தயாரானதும் நேரே சாலைக்குச் செல்ல முடியாது. முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு, உரிமையாளரின் அனுமதியோடு வேலியிடப்பட்ட தனியார் வளாகத்தில் சோதனை. மோட்டாரின் மேலுறையில் வெப்ப உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தந்தை மெதுவாக ஓட்ட, அருகில் அமர்ந்த மகள் நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறாள். 42, 47, 51, 54, 55, 55. இரண்டு முறை ஒரே எண் வந்தாலும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. வளாகத்தின் பின்புறத்துச் சரிவில் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.